'ஸ்கிப் இன்ட்ரோ' அமுக்குறதுக்கு முன்னாடி

ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல யாராவது லேப்டாப்ல ஒரு சிட்காம் போட்டா, முதல்ல நடக்கிற விஷயம் என்ன? படம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு கை நீண்டு 'ஸ்கிப் இன்ட்ரோ'வை அமுக்கும். நானும் அமுக்கியிருக்கேன். நீங்களும் அமுக்கியிருப்பீங்க. முப்பது செகண்ட் மிச்சம் பிடிச்சு நாம எதைச் சாதிச்சோம்னு யாரும் கேட்டதில்லை.

'தட் 70ஸ் ஷோ' பார்த்தவங்களுக்கு அந்த இன்ட்ரோ ஞாபகம் இருக்கும். ஒரு பழைய பெரிய கார். அதுக்குள்ள நெருக்கியடிச்சு உட்கார்ந்து தலையாட்டிப் பாடிக்கிட்டு வர்ற பசங்க. கடைசியில நம்பர் பிளேட்ல வருஷம் தெரியும். பின்னால ஒரு கிடார் பாட்டு. வேலை வெட்டி இல்லாம, போறதுக்கு ஒரு இடமும் இல்லாம, நண்பர்களோட காரில் தெருத்தெருவா சுத்துறதைப் பத்தின பாட்டு. கேட்ட உடனே ஒட்டிக்கும்.

ஒரு நாள் வைஃபை சொதப்பி, பட்டன் வேலை செய்யாம, அந்தப் பாட்டை முழுசாக் கேட்க வேண்டியதாப் போச்சு. கேட்டதும் பாட்டு யாருதுன்னு தேடினேன். தேடிப் பிடிச்ச கதையில்தான் இந்தக் கட்டுரை சொல்ல வர்ற விஷயம் இருக்கு. நம்ம எல்லாருக்கும் சின்ன வயசிலிருந்து ஒரு பொய்யைச் சொல்லி வளர்த்திருக்காங்க: "நீ நல்லா செய், அது தானா வெளிய வரும்." வராது. இந்தப் பாட்டு அதுக்கு சாட்சி.

பாட்டின் பெயர் 'இன் த ஸ்ட்ரீட்'. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் 1971-ல் உருவான 'பிக் ஸ்டார்' என்ற ராக் குழுவோடது. நாலு பேர். கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீவன்ஸ். எல்லாருக்கும் கிட்டத்தட்ட நம்ம வயசு. அதில் சில்டன் மட்டும் ஏற்கெனவே பிரபலம். 1967-ல், பதினாறு வயசில், 'பாக்ஸ் டாப்ஸ்' குழுவில் 'தி லெட்டர்' பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடிச்சவர். பள்ளிக்கூட வயசிலேயே உச்சத்தைப் பார்த்துட்டு வந்த பையன்.

'பிக் ஸ்டார்' என்ற பெயர் அவங்க கர்வத்தில் வச்சதுன்னு நினைக்காதீங்க. அது அவங்க ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டின் பெயர். நம்ம காலேஜ் கேட்டுக்கு எதிர்த்த மளிகைக் கடை பெயரை பேண்டுக்கு வச்ச மாதிரி. 1972-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று பெயர் வச்சாங்க. 'பெரிய நட்சத்திரம்' போட்ட 'முதலிட ஆல்பம்'. அப்புறம் நடந்ததைப் பார்த்தா இந்த ரெண்டு பெயரையும் சொல்லும்போது கொஞ்சம் வலிக்கும்.

ஆல்பம் வெளிவந்ததும் பத்திரிகைகள் பாராட்டித் தள்ளின. குறை சொன்னவங்க ரொம்பக் கம்மி. ஆனா அந்தப் பாராட்டைப் படிச்சுட்டுக் கடைக்குப் போனவங்களுக்கு ஆல்பம் கிடைக்கல. அதாவது, தயாரிப்பில் குறை இல்லை, விநியோகத்தில் குறை. விற்றது பத்தாயிரம் பிரதிகூட இல்லை என்பதுதான் பொதுவாச் சொல்லப்படுற கணக்கு.

ஏன் அப்படி? இதை சப்ளை செயின் பாடமாவே எடுத்துக்கலாம். பாட்டைப் பதிவு செஞ்சது ஆர்டென்ட் ஸ்டூடியோ. அதை நடத்தின ஜான் ஃப்ரை ஒலிப்பதிவில் கெட்டிக்காரர். இன்னைக்கு ஹெட்போன்ல கேட்டாலும் ஒவ்வொரு கிடார் கம்பியும் தனித்தனியா கேட்கும். ஆனா கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு 'ஸ்டாக்ஸ்' கம்பெனிக்கு. ஸ்டாக்ஸ் சோல் இசையில் ராஜா. கறுப்பின மக்களின் வானொலி நிலையங்கள், அந்த வட்டாரத்துக் கடைகள், அங்கே அவங்களுக்கு நல்ல பிடிப்பு இருந்தது. ஆனா நாலு வெள்ளைக்காரப் பசங்க வாசிச்ச கிடார் பாப்பை எந்தக் கடையில், எந்த அலமாரியில் வைக்கிறதுன்னு அவங்களுக்குப் பிடிபடல.

அடுத்து ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்திடம் ஒப்படைச்சது. இனி எல்லா ஊருக்கும் போய்ச் சேரும்னு நம்பினாங்க. நடந்தது தலைகீழ். கொலம்பியா பழைய தனி விநியோகஸ்தர்களைக் கழட்டிவிட்டுச்சு. அவங்க மூலமாக் கடைகளில் கொஞ்சம் இருந்த பிரதிகளும் திரும்பிப் போச்சு. 1974-ல் வந்த ரெண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி'க்கும் இதே கதிதான். 1975 முடியும்போது ஸ்டாக்ஸே திவாலாயிடுச்சு.

இதில் எந்த இடத்திலும் பாட்டு மோசம்னு யாரும் முடிவு பண்ணல. கேட்டாத்தானே முடிவு பண்ண முடியும்!

அந்த நாலு பேருக்கு என்ன ஆச்சு?

முதல் ஆல்பம் போன போக்கில் மனசு உடைஞ்ச கிறிஸ் பெல் 1972 முடியறதுக்குள்ள குழுவை விட்டு வெளியேறினார். 'இன் த ஸ்ட்ரீட்' பாட்டை சில்டனோட சேர்ந்து எழுதினவர், அசல் பதிவில் பாடினவர் இவர்தான். பிற்பாடு அப்பாவின் ரெஸ்டாரன்ட் தொழிலில் வேலை பார்த்துக்கிட்டே தனியாப் பாட்டுகள் பதிவு செஞ்சார். 1978 டிசம்பர் 27 அன்று அவர் ஓட்டின கார் ஒரு கம்பத்தில் மோதி இறந்தார். வயசு 27. காரில் ஊர் சுத்துற பாட்டை எழுதினவருடைய முடிவும் காரிலேயே வந்தது.

சில்டன் நியூ ஆர்லியன்ஸ் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் ஹோட்டலில் பாத்திரம் கழுவினார், மரம் வெட்டும் வேலைக்குப் போனார். பதினாறு வயசில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர்.

ஆண்டி ஹம்மல் கதைதான் நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. 'ரேடியோ சிட்டி' முடிஞ்சதும் கிடாரைக் கீழே வச்சுட்டுப் படிப்பை முடிக்கப் போனார். பிறகு மெக்கானிக்கல் பக்கம் வந்து, டெக்சஸில் ஜெனரல் டைனமிக்ஸ், அப்புறம் லாக்ஹீட் மார்ட்டின் என்று விமானம் செய்யற நிறுவனங்களில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனார். ஆமாங்க, பேண்ட் வேலைக்கு ஆகாதுன்னு இன்ஜினியரிங்குக்கு வந்துட்டார். நம்ம கிளாஸ்ல எத்தனை ஹம்மல் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இதை நான் சோகமாச் சொல்லல. அவர் வாழ்க்கை நல்லாவே போச்சு. ஆனா எழுபதுகளின் மிகச் சிறந்த ராக் ஆல்பங்களில் ஒன்றில் பேஸ் கிடார் வாசிச்சவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிராயிங் சரிபார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம். அது அந்த ஆபீஸில் எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இப்ப நீங்க கேட்கலாம்: "அதான் கடைசியில் டிவி வரைக்கும் வந்துடுச்சே? 26 வருஷம் ஆனாலும் ஜெயிச்சிடுச்சே? நல்லது தானா வெளிய வரும்னு இதுவே சொல்லுதே?"

தானா வரல என்பதுதான் என் கட்சி. எப்படி வந்ததுன்னு ஒவ்வொரு படியாப் பாருங்க.

முதல்ல, இலவசப் பிரதி கிடைச்ச விமர்சகர்கள் அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தாங்க. நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. 1978-ல் இங்கிலாந்தில் முதல் ரெண்டு ஆல்பமும் மறுபடி வெளிவந்தது. அதைக் கேட்டு வளர்ந்த பசங்க பேண்ட் ஆரம்பிச்சாங்க. 'ஆர்.ஈ.எம்.' குழுவினர் பேட்டிக்குப் பேட்டி பிக் ஸ்டார் பெயரைச் சொன்னாங்க. 1986-ல் 'பேங்கிள்ஸ்' என்ற பெண்கள் குழு, பிக் ஸ்டாரின் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாட்டைத் தங்கள் ஆல்பத்தில் பாடினாங்க. 1987-ல் 'ரீப்ளேஸ்மென்ட்ஸ்' குழு ஒரு பாட்டுக்கு 'அலெக்ஸ் சில்டன்' என்றே பெயர் வச்சது. உயிரோட இருக்கிற ஒரு மனுஷன் பெயரில் பாட்டு! அதைக் கேட்டவன் "யார்றா இந்த அலெக்ஸ் சில்டன்?" என்று தேட ஆரம்பிச்சான்.

அடுத்த படி எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1993 ஏப்ரல் 25. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் நடத்தற ஒரு கேம்பஸ் ரேடியோ. ரேடியோவில் இருந்த பசங்க, தங்கள் கல்லூரி விழாவுக்கு பிக் ஸ்டாரைக் கூப்பிட்டா என்னன்னு யோசிச்சாங்க. குழு கலைஞ்சு கிட்டத்தட்ட இருபது வருஷம். ஒருத்தர் உயிரோட இல்லை, ஒருத்தர் விமானம் செஞ்சுக்கிட்டு இருக்கார். அப்படியும் கேட்டாங்க. சில்டனும் ஸ்டீவன்ஸும் சரின்னு சொல்லிட்டாங்க. இன்னொரு குழுவிலிருந்து ரெண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கிட்டு மேடை ஏறினாங்க. அந்தக் கச்சேரி ஒரு ஆல்பமாவும் வந்தது. அதுக்கு அப்புறம் பிக் ஸ்டார் 2010 வரைக்கும் அவ்வப்போது மேடை ஏறிக்கிட்டே இருந்தது.

பெரிய ரெக்கார்ட் கம்பெனிக்கு முடியாததைச் செஞ்சவங்க, செமஸ்டருக்கு நடுவில் ரேடியோ நடத்தின காலேஜ் பசங்க. எவ்வளவு பேர் கேட்கறாங்கன்னு பார்த்திருந்தா, அந்த ரேடியோவை அன்னைக்கே மூடியிருக்கணும். நம்ம இந்த இதழைப் பார்த்து "இதை யாரு மச்சி படிக்கிறா?" என்று கேட்கற மாதிரிதான் அவங்களையும் கேட்டிருப்பாங்க.

அப்புறம்தான் டிவி. 1998 ஆகஸ்டில் 'தட் 70ஸ் ஷோ' தொடங்கினது. அந்தத் தொடருக்கு இசையமைச்சவர் பென் வான். இதே பென் வான், சில்டனோடும் ஆலன் வேகாவோடும் சேர்ந்து செஞ்ச 'கியூபிஸ்ட் புளூஸ்' ஆல்பம் 1996-ல் வெளிவந்திருந்தது. அதாவது, பாட்டு அந்த அறைக்குள்ள தானா நடந்து வரல. அதை ஏற்கெனவே தெரிஞ்ச, நேசிச்ச ஒருத்தர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். முதல் சீசனில் டாட் கிரிஃபின் பாடினார். ரெண்டாவது சீசனிலிருந்து 'சீப் ட்ரிக்' குழு பாடின வடிவம் வந்தது. 2006 வரை, எட்டு சீசன், 200 எபிசோட்.

இப்ப ஒரு வேடிக்கையைக் கவனிங்க. கதை விஸ்கான்சினில் ஒரு கற்பனை ஊரில், 1976-ல் ஆரம்பிக்குது. அந்த வருஷம் விஸ்கான்சினில் கார் ஓட்டிக்கிட்டிருந்த நிஜப் பசங்க இந்தப் பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பே ரொம்பக் குறைவு. எழுபதுகளில் கிட்டத்தட்ட யாருமே கேட்காத பாட்டு, எழுபதுகளுக்கே அடையாளம் ஆயிடுச்சு! இன்னைக்கு அமெரிக்காவில் அந்தக் காலத்தை அனுபவிச்ச பெரியவங்களே "ஆஹா, எங்க காலத்துப் பாட்டு" என்று தலையாட்டலாம். அவங்க காலத்தில் அது குடோனில் தூங்கிக்கிட்டிருந்தது. ஒரு காலத்தோட ஞாபகங்கூட, பின்னால வர்றவங்க எதைப் பொறுக்கி எடுத்து வைக்கிறாங்க என்பதைப் பொறுத்ததுதான்.

சரி, ஜெயிச்சது யார்? கிறிஸ் பெல் இறந்து இருபது வருஷம் ஆச்சு. டிவியில் கேட்கற குரல் அவரோடது இல்லை. வாசிக்கிறது பிக் ஸ்டாரும் இல்லை. தொடர் ஒவ்வொரு தடவை ஒளிபரப்பாகும்போதும் தனக்கு 70 டாலர் ராயல்டி வருதுன்னு சில்டன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கார். 70ஸ் ஷோவுக்கு 70 டாலர் என்பதில் இருந்த நக்கலையும் அவர் ரசிச்சார். 2010 மார்ச்சில், ஆஸ்டின் நகரத்தில் பிக் ஸ்டார் வாசிக்க இருந்த கச்சேரிக்குச் சில நாள் முன்னால், அவர் மாரடைப்பில் இறந்தார். அதே வருஷம் ஜூலையில் ஹம்மலும் போயிட்டார். நால்வரில் இப்ப இருப்பவர் டிரம்மர் ஜோடி ஸ்டீவன்ஸ் மட்டும்.

சீப் ட்ரிக்கை நான் குறை சொல்லல. அவங்க வடிவம் இல்லைன்னா எனக்கு இந்தப் பாட்டே தெரிஞ்சிருக்காது. 2003-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் பிக் ஸ்டாரின் மூணு ஆல்பமும் இடம் பிடிச்சது. அதுவும் சந்தோஷம்தான். ஆனா இதை "பொறுமையா இரு, காலம் பதில் சொல்லும்" என்ற ஸ்டேட்டஸ் வாசகமா மாத்தினா, பெல்லுக்கு நாம செய்யற அநியாயம் அது. காலம் பதில் சொல்றதில்லை. மனுஷங்கதான் சொல்லணும்.

இது நம்ம கதை எப்படி ஆகுதுன்னு கேட்டா, எங்க டிபார்ட்மென்ட்டில் ஒரு பீரோ இருக்கு. உங்க டிபார்ட்மென்ட்டிலும் இருக்கும். அதில் பழைய பேட்ச்களின் ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட், கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் போட்டு வரிசையா அடுக்கியிருக்கும். போன செமஸ்டர் ஒரு ரெஃபரன்ஸுக்காகத் திறந்தேன். ஆறு வருஷம் முன்னாடி ஒரு டீம் செஞ்ச மண் ஈரப்பத சென்சார் புராஜெக்ட் ஒண்ணு கிடைச்சது. நாங்க மூணு வாரமா முட்டி மோதிக்கிட்டிருந்த காலிபரேஷன் பிரச்சினைக்கு விடை அதில் இருந்தது, அதுவும் கையால் போட்ட கிராஃபோட. அட்டையைத் திறக்கும்போது பைண்டிங் 'கிரக்' என்று சத்தம் போட்டுச்சு. வைவாவுக்கு அப்புறம் அதை யாரும் திறக்கலன்னு அர்த்தம். அந்த டீமுக்கு என்ன மார்க் விழுந்ததோ தெரியாது. ஆனா அவங்க வேலை அந்த பீரோவுக்குள்ள ஒரு 'நம்பர் 1 ரெக்கார்ட்'.

நாம ரெண்டு தப்பு செய்யறோம். ஒண்ணு, ஓடாததை எல்லாம் மட்டம்னு நினைக்கிறோம். வியூஸ் இல்லையா, வீடியோ மொக்கை. கம்பெனி எடுக்கலையா, பையன் வேஸ்ட். எதுவும் எடுபடாமப் போனதுக்குக் காரணம் அது போய்ச் சேர வேண்டிய வழியில் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கிறதில்லை. இன்ஜினியரிங் படிக்கிற நாமளே, அவுட்புட் வரலைன்னா சர்க்யூட் முழுசையும் தூக்கிப் போடுவோமா? வயர் எங்க விட்டிருக்குன்னு முதல்ல பார்க்க மாட்டோமா?

ரெண்டாவது தப்பு, நல்லதைச் செஞ்சுட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. "நம்ம வேலை பேசும்" என்று வசனம் பேசிக்கிட்டு, ரிப்போர்ட்டை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுறது. வேலைக்கு வாய் கிடையாது. நாலு பேருக்கு அனுப்பறது, விளக்கறது, அடுத்த பேட்ச் கையில் கொடுக்கறது, இதெல்லாம் விளம்பரம் இல்லை. வேலையில் மிச்சமிருக்கிற பாதி. பிக் ஸ்டாருக்கு அந்தப் பாதியைச் செஞ்சு கொடுக்க வேண்டியவங்க கைவிட்டாங்க. அப்புறம் முன்பின் தெரியாத ரசிகர்கள் அதைக் கையில் எடுத்தாங்க. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும், நானே மூணு அரியர் வச்சிருக்கேன்" என்று சொல்றவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. எல்லாரும் பாட்டு எழுதணும்னு இல்லை. தூக்கிச் சுமக்கறவங்களும் வேணும். மிசௌரி பசங்க ஒரு ஃபோன் போட்டுக் கேட்டாங்க. விமர்சகர்கள் ஒரு பிரதியைத் தூக்கிப் போடாம வச்சிருந்தாங்க. இது நம்மாலயும் முடியும். ஜூனியர் ஒருத்தன் கல்ச்சுரல்ஸில் சொந்தப் பாட்டு பாடினா, பெயரைக் கேட்டு வச்சுக்கிட்டு நாலு பேரிடம் சொல்லலாம். ரெஃபரன்ஸ் எடுத்த சீனியர் ரிப்போர்ட்டின் பெயரை உங்க ரிப்போர்ட்டில் ஒழுங்காப் போடலாம். நாங்க அந்த சென்சார் டீமோட ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி அடுத்த பேட்ச் குரூப்பில் போட்டிருக்கோம். அந்த டீமில் ஒருத்தரைக் கண்டுபிடிச்சு மெசேஜும் அனுப்பினோம். அவர் பதிலா அனுப்பினது ஒரே வரி: "அதை யாராச்சும் படிச்சீங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் எனக்குக் கஷ்டமா இருந்தது. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரி 'இன் த ஸ்ட்ரீட்' பாட்டின் 1972 பதிவைத் தேடிப் போடுங்க. டிவி வடிவம் இல்லை, அசல். மூணு நிமிஷம்கூட வராது. பாடறவர் பெயர் கிறிஸ் பெல். பிடிச்சிருந்தா பக்கத்து ரூமில் ஒருத்தனுக்குப் போட்டுக் காட்டுங்க. பிடிக்கலைன்னா பரவாயில்லை, கேட்டுட்டுப் பிடிக்கலைன்னு சொல்லுங்க. 1972-ல் அந்த நாலு பேருக்கு அதுகூடக் கிடைக்கல.